இருபதடி தள்ளியும் தெரிகிற அட்டை

எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனது. பிறகு கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தொழிற்சாலைக்கு எதிரே இட்லிக்கடையில் பாத்திரம் கழுவினேன். கூடூர்ப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் பழம் பொறுக்கினேன். அரக்கோணத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்புகளைத் துவைத்தேன். ஓரிடத்தில் இரண்டு வருஷம் இருந்தால் மூன்றாம் வருஷம் கால் நிற்காது. போன இடங்களிலெல்லாம் ஒரு வேலை மட்டும் கூடவே வந்தது. உடன் வேலை செய்கிறவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். அரைப் படிப்புக்காரிக்கு இது எப்படி வந்தது என்று கேட்டால், என் சித்தப்பா போட்ட ஒரே புத்தகத்தைச் சொல்வேன். அந்தப் புத்தகத்தின் அட்டையில் எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பெரிய பங்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தை பிறந்தால் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். மழை தொடங்கும்வரை அங்கேயே குடிசை. என்னைத் திருவள்ளூரில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். சூளையில் ஒரு வாய் குறையும், எனக்கு இரண்டு வேளைச் சோறு நிச்சயம். யாருக்கும் இதில் வருத்தம் இல்லை.

சித்தப்பா தபால் ஆபீஸ் வாசலில், சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியை மேஜையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம், மனு, மணியார்டர் பாரம் எல்லாம் எழுதித் தருவார். வந்த கடிதங்களைப் படித்தும் காட்டுவார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, தாய்மார்கள் அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். "இந்த மாசம் வரலைன்னா செருப்பால அடிப்பேன்னு எழுது வாத்தியாரே" என்று ஒருத்தி சொன்னால், "உன்னைக் காண மிகவும் ஆவலாயிருக்கிறேன்" என்று எழுதுவார். அவளுக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் செருப்பைச் சேர்த்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அதை மறைத்ததும் இல்லை. "இத்தினி வருசமா எழுதறேன். எல்லாத்துலயும் கடைசி வரியில வேற எவன் பேரோதான். என் பேரை நான் எங்கியும் எழுதலியே" என்று சித்தியிடம் அடிக்கடி சொல்வார். அந்தக் குறையிலிருந்துதான் புத்தகம் பிறந்தது. மகனுக்கு, கணவனுக்கு, முதலாளிக்கு, சம்பந்திக்கு என்று மாதிரிக் கடிதங்களை எழுதிச் சேர்த்தார். எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத் தாங்களே எழுதிக்கொள்ளலாம். இதனால் தன் பிழைப்பு என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அட்டையில் தன் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதைத்தான் யோசித்தார்.

அச்சகத்தில் உள்பக்கங்கள் முதலில் ஓடி முடிந்தன. பெயர் அட்டையில் வரத்தானே போகிறது என்று உள்ளே எங்கும் போடவில்லை. பிறகு அட்டைக்கு மாதிரி அடித்துக் கொடுத்தார்கள். நாலு பக்கமும் கொடி, நடுவில் தாமரை, அதன்மேல் வளைந்து நெளிந்த எழுத்தில் "சர்வஜனோபகார நவீன லிகித மஞ்சரி". அடியில் "இயற்றியவர்" என்று போட்டு, இரண்டு இனிஷியலோடு சித்தப்பாவின் பெயர். வீட்டுக் கதவில் அதை ஒட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தார். தெருவில் போனவர்களும் பார்த்தார்கள். ஒருவர் பஞ்சாங்கமா என்று கேட்டார். இன்னொருவர், "யார் ஊட்டுக் கல்யாணம்?" என்றார்.

சித்தப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

"படி பாப்பா."

"சர்... சர்வ... சர்வஜனோ..."

"அப்பால?"

"அப்பாலே ஒரே பேஜாரா கீது சித்தப்பா."

அவர் சிரித்துவிட்டார். பென்சிலை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார்.

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு விளையாட்டு ஆனது. தை அமாவாசைக்குத் திருவள்ளூர்க் கோயிலுக்குக் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்திலும், ரயில் நிற்கிற ஒரு நிமிஷத்தில் பிளாட்பாரத்திலும் புத்தகத்தை விற்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். "ஜன்னல் ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கறவன் கண்ணுல பட்டவுடனே புரியணும்" என்றார். கதவிலிருந்து தெருக்குழாய்வரை காலால் அளந்தார். இருபது அடி. ஈச்சங்குச்சியை நசுக்கித் தூரிகை செய்து, பழைய செய்தித்தாளில் மையால் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டுவார். நான் குழாயடியில் நின்று படிக்க வேண்டும். தடுமாறாமல் வாசித்தால் அந்தச் சொல் தங்கும், தடுமாறினால் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கத் தெரியாததற்கு அடி வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, இங்கே படிக்கத் தெரியாததே அதிகாரமாகிவிட்டது. "தெரியலை" என்று நான் சொன்னால் லிகிதம் போனது. இன்னொரு "தெரியலை"க்கு மஞ்சரி போனது. தாமரையைக் கேட்டபோது முட்டைக்கோசு என்றேன், அதுவும் போனது. குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், "இன்னாடி, டாக்டர் கண்ணு டெஸ்டா?" என்று கேலி செய்தார்கள். நான் குடங்களை நகர்த்தச் சொல்லிவிட்டு இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

நாலு நாளில் இரண்டே சொற்கள் மிஞ்சின. மேல்வரியில் "கடிதம்", அடுத்த வரியில் "எழுதலாம்". அவற்றை நான் ஒரே மூச்சில் படித்தேன்.

"அதுக்குக் கீழ?"

"கீழ இன்னாமோ எறும்பு போற மாதிரி கீது."

அது அவருடைய பெயர்.

மறுநாள் பெயரைப் பெரிதாக எழுதினார். தாள் அதே அளவுதானே, மேலே இருந்தது சிறுத்துப்போனது. "இப்ப பேரு தெரியுது. மேல இருக்கறது தெரியலை" என்றேன். அதற்கடுத்த நாள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்த்தார். இரண்டுமே பாதி தெரிந்தன. அதைச் சொன்னேன். தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் முன்னால் வெகுநேரம் நின்றார். மை சொட்டி வாசற்படியில் விழுந்தது.

"ரெண்டுல எது வேணும், நீயே சொல்லு பாப்பா."

"மேல இருக்கறதுதான். கீழ இருக்கறது எதுக்கு?"

அவர் பெயரின்மேல் மையைப் பூசி அடித்தார். நான் குழாயடியில் நின்றபடி கைதட்டினேன்.

அச்சகத்தில் எழுத்து அடுக்குகிற கம்போசிட்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, அப்பன் பேரு இல்லாத புள்ளையா?"

"புள்ளை பொழைச்சா போதும்பா" என்றார் சித்தப்பா.

போஸ்டருக்கு வைத்திருந்த பெரிய மர எழுத்துகளைத் தேடி எடுத்து கம்போசிட்டர் அந்த இரண்டு சொற்களையும் அடுக்கினார். நாங்கள் வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அட்டை அவருக்கு மொட்டையாகத் தெரிந்திருக்கிறது. அன்று காலையில் அவர் அடித்து முடித்த வேறொரு வேலையின் தடித்த கறுப்புக் கோடுகள் கையருகிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து நாலு புறமும் கட்டம் கட்டி, மொத்தப் பிரதிகளையும் ஓட்டிவிட்டார்.

புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்தபோது நானும் சித்தப்பாவும் மட்டும்தான் இருந்தோம். சித்தி தன் தங்கைக்குப் பிரசவம் என்று திருப்பாச்சூருக்குப் போயிருந்தாள். ஒரு பிரதியைக் கதவில் சாய்த்துவிட்டு நாங்கள் இருவரும் குழாயடிக்கு ஓடினோம். கறுப்புக் கட்டத்துக்குள் எழுத்துகள் கல்வெட்டு மாதிரி நின்றன. "பிரமாதம்!" என்றார் சித்தப்பா. நானும் பிரமாதம் என்றேன்.

மறுநாள் காலை ரயிலடிக்குப் போனோம். கடம்பத்தூரிலிருந்து தினமும் தயிர்க்கூடையோடு வருகிற அம்மா ஒருத்தி சித்தப்பாவின் பழைய வாடிக்கை. அவளுடைய மகன் கும்மிடிப்பூண்டியில் வேலையில் இருந்தான். அவன் எழுதுவதை அவளுக்குப் படித்துக் காட்டுவது சித்தப்பாதான். முதல் பிரதியை அவளுக்கே கொடுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டார். அவள் ரயிலை விட்டு இறங்கியதும், புத்தகத்தை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, வேகமாக அவளை நோக்கி நடந்தார்.

இருபதடி தூரத்தில் அவளுக்கு அது தெரிந்தது.

எங்கள் பக்கம் செத்தவர் வீட்டிலிருந்து வருகிற காகிதத்துக்குத்தான் கறுப்புக் கட்டம். கடிதம் படிக்கிற மனுஷன் கறுப்புக் கட்டம் போட்ட காகிதத்தோடு தன்னைத் தேடி ஓடி வந்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? கூடை தலையிலிருந்து சரிந்தது. தயிர்ச்சட்டி உடைந்து பிளாட்பாரமெல்லாம் தயிர். "ஐயோ, என் ராசா போயிட்டியா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லம்மா, இது பொஸ்தகம்! கடிதம் எழுதலாம்! நல்லா பாரு!" என்று சித்தப்பா கத்தினார்.

"எழுதறதுக்கு இன்னா கீது, எல்லாம் முடிஞ்சிடுச்சே!" என்று அவள் கதறினாள்.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். போர்ட்டர் ஒருவர் புத்தகத்தை வாங்கிப் பிரித்துக் காட்டி, உள்ளே இருந்த மாதிரிக் கடிதம் ஒன்றை உரக்கப் படித்து, செத்தது யாரும் இல்லை என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் ஒரு ரயில் வந்து போய்விட்டது. புரிந்ததும் அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவைத் திட்டத் தொடங்கினாள். அந்தத் திட்டுகளுக்குப் புத்தகத்தில் மாதிரி கிடையாது.

அதற்குப் பிறகு அன்று ஒருவரும் அந்த அட்டையைக் கையால் தொடவில்லை. சாயங்காலம் சித்தி திரும்பி வந்தாள். கூடத்தில் அடுக்கியிருந்த கட்டைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது? ஊரு பூரா எழவு சொல்லப் போறீங்களா?"

சித்தப்பா துண்டை எடுத்துக் கட்டின்மேல் போர்த்தினார்.

"படிக்கறவளை நிக்க வெச்சு இருபதடி அளந்தீங்களே, படிக்கத் தெரியாதவ ஒருத்தி ஊட்லயே கீறேனே, எங்கிட்ட ஒரு தபா காட்டுனீங்களா? நாங்க எழுத்தையா பாக்கறோம்? ஓரத்தைத்தான் பாப்போம்."

அவளே வழியும் சொன்னாள். மறுநாள் புத்தகக் கட்டை அச்சகத்துக்குத் திருப்பி எடுத்துப் போய், வெட்டுகிற மிஷினில் கொடுத்து, கறுப்பு ஓரம் முழுவதையும் நறுக்க வைத்தாள். பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கம்போசிட்டரை விரட்டினாள். புத்தகம் சிறுத்துப்போனது. ஆனால் எழுத்துகள் இடமும் வலமும் விளிம்பைத் தொட்டு நின்று முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தன. பிறகு வீட்டில் மஞ்சளைக் கரைத்து வைத்துக்கொண்டு, நல்ல சேதிக் கடிதத்துக்குச் செய்கிற மாதிரி, ஒவ்வோர் அட்டைக்கும் நாலு மூலையிலும் தொட்டு வைத்தோம். ஒரு வாரத்துக்கு என் விரல்களிலிருந்து அந்த நிறம் போகவில்லை.

அமாவாசையன்று கோயில் குளத்துக்குப் போகிற வழியில் கடை போட்டோம். சூளை ஆட்கள், மில் ஆட்கள், பழவேற்காட்டிலிருந்து வந்த மீன்பிடிக்கிற குடும்பங்கள் என்று கூட்டம் நெருக்கியது. தூரத்திலிருந்தே "க, டி, த, ம்" என்று எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்து வாங்கினார்கள். அந்தத் தயிர்க்கார அம்மாவும் வந்தாள். மூலையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். "இந்தத் தபா மஞ்சளா? அப்ப சரி, குடு. என் பேத்தி படிச்சுச் சொல்லுவா" என்று வாங்கிக்கொண்டாள். சித்தப்பா அவளிடம் கைகூப்பினார்.

மத்தியானம் ஒரு மில் தொழிலாளி புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினான். "நல்லாத்தான் கீது. யாரு நைனா எழுதுனது? பேரே காணோமே, திருட்டுப் பொஸ்தகமா?"

சித்தப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான்தான் எடுக்கச் சொன்னேன்! படிக்கவே முடியலை."

"ஆமாம்பா, இந்த அம்மா உத்தரவு" என்று சித்தப்பா சிரித்தார். அந்த ஆளும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

பொழுது சாய்வதற்குள் கொண்டுபோனதில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எனக்கென்று ஒரு பிரதி கேட்டேன், கொடுத்தார். பிறகு என்னோடு பல ஊர் சுற்றி மழையில் நனைந்தது அந்தப் பிரதிதான்; அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடைசியில் பார்க்காமலேயே எழுதப் பழகிக்கொண்டேன். அன்று அது புதிதாக, மஞ்சள் வாசனையோடு இருந்தது. "எழுதலாம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் வெறுமையாகக் கிடந்தது. சித்தப்பாவின் தூரிகையை எடுத்து மையில் தோய்த்து அங்கே என் பெயரை எழுதினேன். முதல் எழுத்து பெரிதாகிவிட்டதால் கடைசி எழுத்து ஓரத்தில் நசுங்கியது. மை காய்வதற்குள், சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"தெரியுதா சித்தப்பா?"

அவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு அவரும் இப்போதுதான் படிக்கக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி, என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார்.

"நல்லாத் தெரியுது பாப்பா. அந்த எடத்துல ஒரு பேரு இருந்தா அழகாத்தான் கீது."

நான் குதித்தேன். குழம்பு ஊற்ற வந்த சித்தி கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஊற்றாமலே அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். குழம்பு ஏன் இன்னும் வரவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.