யசிந்தாவின் ஏழு நிமிடம்

எங்கள் மன்றத்துக் கலைவிழாவில் யாருக்காவது மனம் நொந்துபோனால் அவருக்கு நன்றியுரையைக் கொடுத்துவிடுவது வழக்கம். பேச்சாளர் பட்டியலில் பெயர் விடுபட்டவர், பொன்னாடை கிடைக்காதவர், மகளின் நடனத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர், எல்லாருக்கும் அதே மருந்துதான். நன்றியுரை தொடங்கும்போது சாப்பாட்டு அறையின் கதவைத் திறந்துவிடுவார்கள். ரோல்சும் கொத்துரொட்டியும் மணக்கும். சனம் எழும்பிவிடும். மேடையில் ஒருவர் வெறும் கதிரைகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு நிற்பார். எனக்கே இரண்டு முறை தந்திருக்கிறார்கள், அதனால் தெரியும்.

நான் சூசைதாசன். டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழர் எங்கே கூடினாலும் ஒலிபெருக்கி என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக மண்டபத்தின் பின்மூலையில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்து, மற்றவர்கள் கத்துவதற்கு வழிசெய்து கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்லப்போவது யசிந்தாவைப் பற்றி. நடுவில் எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

யசிந்தாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. எண்பத்தொன்பதாம் ஆண்டு அகதியாக இங்கே வந்து இறங்கியபோது இருபத்துமூன்று. மொழிப் பள்ளியில் டெனிஷ் படித்தும் வாயில் வரவில்லை. அந்தக் காலத்தில் சனி, ஞாயிறு மத்தியானங்களில் தொலைக்காட்சியில் பழைய ஹொலிவூட் காதல் படங்கள் போடுவார்கள், பாட்டும் ஆட்டமுமாக. இந்த நாட்டில் வேற்றுமொழிப் படத்துக்குக் குரல் மாற்றுவதில்லை, கீழே டெனிஷில் எழுத்து ஓடும். யசிந்தா அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார். கதாநாயகன் காதலைச் சொல்லத் தொடங்கினால் இரண்டு நீள வரி வரும். முதற் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் ஓடிவிடும். ஆனால் கதவு திறக்கும் வேலைக்காரர், கதாநாயகியின் தோழி, தும்மிக்கொண்டே இருக்கும் மாமா, பணக்காரச் சித்தி, இவர்கள் பேசுவது நாலே நாலு சொல். அது பிடிபட்டது.

அப்படிப் படித்ததில் ஒரு கூத்தும் நடந்தது. அந்தப் படங்களின் எழுத்தில் வேலைக்காரர் முதலாளியை மரியாதைச் சொல் போட்டுத்தான் அழைப்பார். டெனிஷ்காரர் அந்தச் சொல்லை எப்போதோ மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். ராசகுடும்பத்தைக் கண்டால்தான் வெளியே எடுப்பார்கள். இது தெரியாமல் யசிந்தா, தையல் தொழிற்சாலையில் முதல் நாள் மேற்பார்வையாளரிடம் போய், ஐயா அவர்கள் அனுமதி தந்தால் நூற்கட்டை எடுத்துவரலாமா என்ற தோரணையில் கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குக் காதுவரைக்கும் சிவந்துவிட்டதாம். கூட இருந்த பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வேறு யாராவது என்றால் அடுத்த நாள் வாயே திறக்கமாட்டார்கள். யசிந்தா அடுத்த நாள் இன்னும் மரியாதையாகக் கேட்டார். ஒரு மாதத்தில் அந்தப் பெண்களும் அவருக்கு அதே மரியாதையில் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

தொழிற்சாலை மூடியது. பிறகு கோழி வெட்டும் இடம், பிறகு பள்ளிக்கூடம் துடைக்கும் வேலை, இப்போது சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. படம் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் சத்தம் வரவில்லை என்று கூப்பிட்டார். போய்த் திருத்திக் கொடுத்தேன். திரையில் ஒரு ஜோடி நிலா வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தது. யசிந்தாவின் விரலோ திரையின் மூலையைக் காட்டியது.

"சூசையண்ணை, இஞ்சை பாருங்கோ. போன கிழமை இந்த மனுசன் கப்பல் கப்டன். இப்ப ஹோட்டல் மனேச்சர். அதுக்கு முதல் ஒரு படத்தில நீதவான். அதே மீசை, அதே முழி. எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் வந்து நிண்டு செய்துபோட்டுப் போறார், எங்களை மாதிரி."

"நடுவில நிக்கிற வடிவான பெட்டையை விட்டிட்டு மூலையில நிக்கிற கிழவனைப் பாக்கிறீர். உமக்கென்ன விசரோ?" என்றேன்.

"அவள் பாவம் அண்ணை. அவளுக்குக் காதலிக்கிறதை விட்டால் வேற வழியில்லை. அழவும் வேணும், அழேக்கையும் வடிவாய் இருக்கவேணும். இந்தத் தோழியைப் பாருங்கோ. அவளுக்குக் காதல் வந்திட்டுது எண்டு அவளுக்கு முதல் இவளுக்குத் தெரியும். வருவாள், ஒரு பகிடி விடுவாள், பத்து அடி ஆடிப்போட்டுப் போயிடுவாள். அந்தப் பத்தையும் ஒருத்தரும் கேக்காமல் தன்ர சந்தோசத்துக்கு ஆடுறாள். பாக்க ஆசையாக் கிடக்கு."

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நானும் இருந்து பார்த்தேன். ஒரு உணவு விடுதிக் காட்சி. காதலர் இருவரும் ஒருவரை ஒருவர் விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருக்க, கை நிறையத் தட்டுகளோடு ஒரு பரிசாரகர் அவர்களுக்கு நடுவே நுழைந்து போனார். ஒன்றும் சிந்தவில்லை. திரும்பிப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார். அதற்குப் பிறகு அந்த ஜோடி என்ன செய்தது என்று நான் கவனிக்கவே இல்லை. இப்படிப்பட்ட ஆட்கள் பலருக்குப் பெயர்ப் பட்டியலில்கூட இடம் இருக்காதாம். யசிந்தாதான் பெயர் வைத்திருந்தார்: மீசை நீதவான், முழிக்கண் சித்தி, தட்டுக்காரத் தம்பி.

இந்த வருடக் கலைவிழாவுக்கு நிதுஷன் அந்தப் படங்களின் பாணியில் ஒரு இசை நாடகம் எழுதினான். இங்கே பிறந்த பொடியன், கட்டடப் பொறியியலாளர். ஏரிக்கரை ஹோட்டலில் ஒரு காதல். கதாநாயகி மேனுஜா, கதாநாயகன் கஜதீபன். இருவரும் தமிழ் வசனத்தை டெனிஷ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினார்கள். ஹோட்டல் சமையற்காரப் பெரியம்மா வேடம் யசிந்தாவுக்கு. அதிலே அவருக்கென்று ஒரு காட்சி, ஏழு நிமிடம். விடியற்காலை, விருந்தினர் இன்னும் இறங்கி வரவில்லை, மேசைகள் வெறுமையாக இருக்கின்றன. முதல்நாள் அந்த இருவரும் பார்த்துக்கொண்ட பார்வையைப் பெரியம்மா மட்டும் கண்டிருக்கிறார். அந்தச் சந்தோசத்தில் தட்டை ஏந்திக்கொண்டு, இல்லாத விருந்தாளிகளுக்குப் பரிமாறி ஆடுகிறார். ஆட்டம் முழுவதையும் யசிந்தாவே அமைத்தார். ஆறு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. "அக்கா, இந்த நாடகத்திலயே நல்ல சீன் இதுதான்" என்று நிதுஷன் என் காதுகேட்கச் சொன்னான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வருகிற ஜனவரியில் யசிந்தாவுக்கு முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை. பிறகு நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், சுழன்று ஆடுவதை மறந்துவிட வேண்டும் என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். "இந்த முறை ஆடாட்டில் இனி இல்லை அண்ணை" என்று யசிந்தா என்னிடம் சொன்னபோது, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

விழா நாள். அழைப்பிதழில் இரண்டு மணி, தொடங்கியது மூன்றேகால். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. அதன்பின் லண்டனிலிருந்து வந்த பிரதம விருந்தினர் உரை. பதினைந்து நிமிடம் கொடுத்தோம், ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார். தமிழன் நேரத்தின் அருமையை அறியவேண்டும் என்பதுதான் பொருள். கோதாரி, நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். எட்டு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும்.

நாடகத்துக்கு முன்னர் வயரில்லா மைக்கைக் கொடுக்க ஒப்பனை அறைக்குப் போனேன். யசிந்தா வெள்ளை ஏப்ரனோடு தட்டைப் பிடித்து நின்றார். எதிரில் மன்றத் தலைவர் ஜீவரட்ணம், பக்கத்தில் நிதுஷன்.

"அக்கா, நேரம் போட்டுது. உங்கட சீனை எடுக்கிறம். அது இல்லாட்டிலும் கதை விளங்கும்தானே?"

யசிந்தா நிதுஷனைப் பார்த்தார். அவன் கைத்தொலைபேசியைப் பார்த்தான். அந்த இடத்திலேயே அவனுக்கு இரண்டு குடுக்கவேண்டும் போல எனக்கு இருந்தது.

"பிரதம விருந்தினர் ஐம்பத்திரண்டு நிமிசம் பேசினவர் தம்பி. அவர் இல்லாட்டில் கதை விளங்காதோ?" என்று கேட்டார் யசிந்தா.

"சும்மா குழப்பாதேங்கோ அக்கா. நீங்கள் நன்றியுரை சொல்லுங்கோ. ரெண்டு நிமிசம். ஒருத்தரும் உங்களை மறக்கேல்லை."

பார்த்தீர்களா, அதே மருந்து. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஓம், சொல்லுறன்" என்றார் யசிந்தா. ஏப்ரனைக் கழற்றவில்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கிக் காதோரம் மாட்டிக்கொண்டார். நான் வெளியே வரும்போது பின்னாலேயே வந்து, "அண்ணை, என்ர பாட்டு உங்களிட்டை இருக்குத்தானே?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறொன்றும் அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாடகம் நடந்தது. மேனுஜா வடிவாக அழுதாள், கஜதீபன் வடிவாகப் பாடினான். கைதட்டல். உடனே சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்தார்கள். பாதி மண்டபம் எழும்பிவிட்ட நேரத்தில் யசிந்தா தட்டோடு மேடைக்கு வந்தார்.

"நன்றியுரை," என்றார். "காலமை ஆறு மணிக்கு வந்து வெங்காயம் உரிச்ச ஆக்களுக்கு நன்றி. கதிரை அடுக்கினவைக்கு நன்றி. திரை இழுத்த பிள்ளைக்கு நன்றி. பின்னாலை இருந்து எங்கட சத்தத்தை எல்லாம் பொறுத்துக்கொண்ட சூசையண்ணைக்கு நன்றி. ரெண்டு நிமிசத்தில நான் ஒரு நிமிசம்கூட எடுக்கேல்லை. மிச்சம் என்ர சீன்."

நான் பாட்டைப் போட்டேன்.

மேடையிலிருந்து கீழே இறங்கினார். சனம் எழும்பிப்போன கதிரைகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. அந்தக் காட்சிக்கு வேண்டியதும் அதுதான். முதல் கதிரைக்கு முன்னால் குனிந்து, இல்லாத விருந்தாளிக்கு சூப் வைத்தார். அடுத்தவர் உப்புப் போதாது என்கிறார் போலிருக்கிறது, யசிந்தா இடுப்பில் கைவைத்து முறைத்தார். பிறகு மனமிரங்கி உப்புத் தூவினார். அப்படியே காலை மாற்றி, தோளைக் குலுக்கி, இரண்டு வரிசைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனார். வாசலில் யாரோ சிரித்தார்கள். காகிதத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

ஜீவரட்ணம் முதலில் முன்வரிசையிலிருந்து எனக்குக் கையைக் காட்டினார், கழுத்தை அறுப்பதுபோல. அந்தக் கைக்கு இருபத்திரண்டு வருடமாக நான் கீழ்ப்படிந்து வந்திருக்கிறேன். அன்று நான் வேறு பக்கம் பார்த்தேன். ஓடி வந்தார்.

"சூசையண்ணை, மைக்கை நிப்பாட்டுங்கோ! பிரதம விருந்தினருக்கு இன்னும் நன்றி சொல்லேல்லை. நீக்கிலாஸ் திறப்போட வந்து நிக்கிறான், மண்டபத்தைப் பூட்டவேணும்!"

நீக்கிலாஸ் அந்த மண்டபத்தின் பராமரிப்பாளர். திறப்புக் கொத்தோடுதான் நின்றார். மறுகையில் பாதி கடித்த ரோல்ஸ். கண் யசிந்தாவின் மேல்.

"அவன் பூட்டுற மாதிரித் தெரியேல்லை. நீரும் போய் இரும்," என்று சொல்லிவிட்டு ஒலியை இன்னும் கூட்டினேன்.

சனம் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதிரையில் உட்காரத் தொடங்கினார்கள். யசிந்தா அசரவில்லை. உட்கார்ந்தவருக்கும் பரிமாறினார், உட்காராத கதிரைக்கும் பரிமாறினார். பிரதம விருந்தினர் சோபாவில் இருந்தார். அவருக்கு முன்னால் குனிந்து எதையோ வைத்து, அவர் வாயைத் துடைத்துவிடுவதுபோலச் செய்தார். மண்டபம் அதிர்ந்தது. அந்த மனிதரும் சிரித்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கடைசியில் ஒரு பெரிய சுழற்சி இருக்கிறது. ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் அதைப் பாதியாகத்தான் செய்வார். அன்றைக்கு முழுதாகச் சுழன்றார். பாதி வழியில் முழங்கால் விட்டுவிட்டது. ஒரு பக்கம் சரிந்தார். கதிரை முதுகை எட்டிப் பிடித்தார், தட்டை விடவில்லை. ஒரு மூச்சு எடுத்தார். பிறகு, அந்தக் கதிரையோடுதான் ஆடவேண்டியிருந்தது என்பதுபோல அதைத் தன் பக்கம் இழுத்து, மிச்சச் சுழற்சியை அதைப் பிடித்துக்கொண்டே முடித்தார். ஒரு புருவத்தை உயர்த்தினார். பாட்டு நின்றது.

அந்தக் கைதட்டலை நான் வர்ணிக்கப்போவதில்லை. ஒலியளவு காட்டும் என் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்த ஞாயிறு நிர்வாகக் குழு கூடியது. என்னையும் யசிந்தாவையும் கூப்பிட்டார்கள். ஏழு பேர், நடுவில் கோப்பி. எனக்கு ஜீவரட்ணம் ஒரு வருடம் வேலை இல்லை என்றார். நல்லது, வேறு ஒலிபெருக்கி தேடுங்கள் என்றேன். பிறகு யசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கட்டுப்பாடு எண்டு ஒண்டு இருக்கு. எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேளுங்கோ. இல்லாட்டில் இனி இந்த மன்றத்தில உங்களுக்கு மேடை இல்லை."

யசிந்தா ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்து நின்றார். அந்தக் காலோடு எழும்ப நேரம் எடுத்தது, யாரையும் பிடிக்க விடவில்லை. ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஓம், கேக்கிறன்," என்றார். "அந்தச் சுத்தில கால் விட்டிட்டுது. பாத்துக்கொண்டிருந்த சனத்துக்கு அது முழுசாய்க் கிடைச்சிருக்கவேணும். அதுக்கு மன்னியுங்கோ. மற்றதுக்கு ஒண்டுமில்லை."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். கதவை நான் திறந்துவிட்டேன்.