கறிச்சோற்றோடு முடிந்த வழக்கு

1971ஆம் ஆண்டு அக்டோபர் 14, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. கல்லை நனைத்து மண்ணை நனைக்காத தூறல். மணியை மேஸ்திரியின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அது ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது என்று பின்னால் தெரிந்ததால், பத்து நாற்பது என்று வைத்துக்கொள்வதே சரி.

அப்பா கூப்பில் வேலை செய்தார். காட்டில் மரம் வெட்டி லாரியில் ஏற்றுவதை ஜவ்வாது மலையில் அப்படித்தான் சொல்வோம். கூலி மூன்று ரூபாய். காண்ட்ராக்டர் அடிவாரத்துச் சந்தவாசல்காரர். அன்று வாத்தியார் மலையேறி வராமல் பள்ளிக்கூடம் இல்லாததால், கூழ்ச்சட்டியை நான் கொண்டுபோனேன். நனைந்த கயிறு அறுந்தது. லாரியில் ஏறிக்கொண்டிருந்த மரம் திரும்பி உருண்டது. அப்பா கத்தவில்லை. மரத்துக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வலது கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் நாள் வீடு திரும்பினார். அந்த வாரமே காண்ட்ராக்டர் மலையேறி வந்தார்.

எங்கள் ஊரில் ஒருவரால் இன்னொருவருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால், செய்தவர் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போடுவார். இருவரும் ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி யாரும் எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. காண்ட்ராக்டர் ஊர்க்கவுண்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, கிடாவையும் எங்கள் சித்தப்பாவிடமே விலைக்கு வாங்கினார். ஊருக்கே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

இடது கையை இலையில் வைக்க அப்பா கூசினார். காண்ட்ராக்டர் தாமே சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு ஏழு துண்டு கறி கிடைத்தது. பொங்கலுக்கு மூன்றுதான் கிடைத்திருந்தது.

ஒடுகத்தூர் ரைஸ் மில்லில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, விஷயம் தெரிந்து ஓடி வந்தார்.

“கறி துன்னா கை மொளைக்குமா மாமா? சட்டம் இருக்குது. வேலையில கை போனா மொதலாளி நஷ்டஈடு குடுத்தே ஆகணும். நாலாயிரத்துக்குக் கொறையாது.”

“சாப்ட்டாச்சு மச்சான்.”

“ஏப்பம் வுட்டாச்சா? அப்ப கெளம்பு, மனு எழுதலாம்.”

அப்பா அசையவில்லை. அம்மாதான் அழுதாள். “ஒத்தக் கையில இன்னா ஏர் புடிப்ப? இதுங்களுக்கு இன்னா ஊத்துவ?” அவள் அழுகைக்காகத்தான் அப்பா இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து மனுவில் வைத்தார்.

விசாரணைக்கு என்னையும் வேலூர் அழைத்துப்போனார்கள். பஸ்ஸில் மாமா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “வேலைக்கு வெச்சது இவருதான்னு ஒரு வார்த்தை சொல்லு மாமா. அது போதும்.” கூப்பில் வேலை செய்தவர்கள் எல்லோரும் அந்தக் கிடாவைத் தின்றவர்கள். சாட்சிக்கு ஒருவரும் வரவில்லை.

தொழிலாளர் நஷ்டஈட்டு அலுவலகத்தில் காண்ட்ராக்டர் அதிகாரியின் முன்னால் கைகட்டி நின்றார். “இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க.”

அவர் ஊட்டியதை நான் பார்த்தவன். பெரியவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரி அப்பாவிடம் திரும்பினார். “உன்னை வேலைக்கு வெச்சது யாருப்பா?”

அப்பா கீழே பார்த்தார். “அது ஊர்ல முடிஞ்சிபோச்சுங்க.”

“முடிஞ்சுதுன்னா? பணம் வாங்கிட்டியா?”

“இல்லீங்க. சாப்ட்டோம்.”

குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “சோறு தின்னதால சட்டம் முடிஞ்சிடாது. உனக்கு நல்லதுக்குத்தான் கேக்கறேன். யாரோட சாப்ட்ட?”

அப்பாவின் உதடு அசைந்தது. காண்ட்ராக்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மேல்துண்டை இழுத்து மொட்டைக் கையை மூடிக்கொண்டார். அதிகாரி இன்னும் இரண்டு தடவை கேட்டார். அப்பா வாயைத் திறக்கவேயில்லை.

வேலை கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று மனு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் மாமா வெடித்தார். “அவன் உன்னத் தெரியாதுன்றான். நீ அவன் சோத்துக்கு உண்மையா நிக்கற!”

“அவன் மறந்தா அது அவனோட பாடு. நானும் அவனும் ஒரே எலையில சாப்ட்டோம்.”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, எதிர்க்கடையில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தலையைத் தடவினார். எவ்வளவு நல்லவர், மாமா ஏன் இவரைப் பகைக்கிறார் என்று எண்ணியபடி தின்றேன்.

அப்பா அதிகாரிக்குப் பயந்துதான் பேசவில்லை என்று வெகுநாள் நம்பினேன். சந்தவாசலில் ஒரே இலையில் சாப்பிட்டுத் தீர்த்துக்கொள்ளும் வழக்கமே கிடையாது என்பதும், பல வருஷம் மலையில் கூப்பு எடுத்தவருக்கு எங்கள் வாயை எதைக் கொண்டு அடைக்கலாம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது என்பதும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் புரிந்தன. அப்பா அதற்குள் ஆடு மேய்க்கப் போய்விட்டார், சித்தப்பாவின் ஆடுகளை.

கிடா நாற்பத்தைந்து ரூபாய். அரிசி இருபத்தொன்று. வெற்றிலை பாக்கு இரண்டு. நான் தின்ற பன்னும் குடித்த டீயும் நாற்பது காசு. அப்பாவின் வலது கைக்காகக் காண்ட்ராக்டருக்கு ஆன செலவு மொத்தம் அறுபத்தெட்டு ரூபாய் நாற்பது காசு.