நிழலில் உட்கார்ந்து தோற்ற இரண்டு மேட்ச்

ரிஹானா, சல்மா... இந்த வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மகள்கள் நீங்கள் இரண்டு பேரும் சண்டைக்கு வரக்கூடாது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதான். மீதிப் பேருக்குத் தப்பாகப் போய்ச் சேருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்ற பிள்ளைகளும் நெருங்கி உட்காருங்கள்.

என்னைத் தெரியுமல்லவா? செங்கல்பட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. எங்கள் ஏரியா பெண் பிள்ளைகளின் பேஸ்கட்பால் டீமுக்கு நான்தான் கோச். எப்படி ஆனேன்? பழைய கோச் சார் மாற்றலாகிப் போய்விட்டார். என்னிடம் ஒரு வேன் இருந்தது. ஒரு விசில் இருந்தது. இன்டர்வியூ முடிந்தது!

போன மாசம் கடப்பாக்கம் டீமோடு ஃபைனல். மூன்று மேட்ச் — யார் இரண்டு ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கப். முதல் மேட்ச் எங்கள் கிரவுண்டில், ஜெயித்தோம். இரண்டாவது கடப்பாக்கத்தில்; தோற்றோம். மூன்றாவது எங்கள் ஊரில் நடக்க வேண்டியது. ஆனால் கிரவுண்டு முழுக்கக் கல்யாணப் பந்தல் போட்டுவிட்டார்கள். மறுபடியும் கடப்பாக்கம். மறுபடியும் தோல்வி.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தோற்ற இரண்டு மேட்ச்சிலும் பாதி ஆட்டம் வரை நாங்கள்தான் முன்னால் இருந்தோம்.

கப் போய்விட்டது. அடுத்தது என் பதவி. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 'வேறு கோச் பார்க்கலாமே' என்று ஒருவர் மெதுவாகப் போட்டார். கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்தன. மறுநாள் கேப்டன் தீபா வேனில் என் பின் சீட்டில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னாள்.

"அங்கிள், கடப்பாக்கத்தாண்ட ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் கேட்டுக்கீறோம். அதே கிரவுண்டு. ஜெயிச்சா நீங்கதான் கோச்."

"தோத்தா?"

"நீங்க வேன் மட்டும் ஓட்டுங்க அங்கிள். சூப்பரா ஓட்றீங்க."

பாராட்டிலேயே ஆளை இறக்கிவிடுவது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தோற்றவன் முதலில் என்ன செய்வான்? பழி போட ஆள் தேடுவான். நானும் தேடினேன். ஷூ சரியில்லை என்றேன். ரெஃப்ரி சரியில்லை என்றேன். மேட்ச்சுக்கு முன்னால் மீன் குழம்பு சாப்பிட்டதுதான் காரணம் என்றேன். "குழம்பு சாப்பிட்டது நீ மட்டும்தான் அத்தா" என்றாள் ரிஹானா. அவள் டீமில் பந்தைக் கொண்டுபோகிற ஆள். வாயும் அவளுக்கு அதே வேகம்.

சின்னவள் சல்மாவுக்குப் பத்து வயது. மேட்ச் முழுவதையும் அம்மாவின் போனில் வீடியோ எடுத்திருந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள்.

"அத்தா! இங்க பாரு. ஃபர்ஸ்ட் ஹாஃப்ல வேடிக்க பாக்கற அந்த அக்கா துப்பட்டா சும்மா தொங்கிகினு கீது. செகண்ட் ஹாஃப்ல பட்டம் மாதிரி பறக்குது!"

"அதுக்கு இன்னாடி?"

"நம்ம பந்தும் அப்டித்தான் அத்தா. ரிங்கு வரைக்கும் போவுது... போவாம வுழுது."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

கடப்பாக்கத்தில் மதியம் நெருங்கினால் கடல் காற்று கிளம்பும். பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிற மேட்ச்சில் பாதி தாண்டியதும் வந்துவிடும். எந்தப் பக்க பெஞ்ச் வேண்டும் என்று வெளியூர் டீம்தான் தேர்ந்தெடுக்கும். எந்தப் பக்கம் உட்காருகிறோமோ, இரண்டாவது பாதியில் அந்தப் பக்க வளையத்தில்தான் பந்து போட வேண்டும். நான் இரண்டு தடவையும் எதைக் கேட்டேன்? கடல் பக்கத்தை. அதாவது, காற்றை எதிர்த்துப் பந்து போடுகிற பக்கத்தை!

ஏன் கேட்டேன்? அங்கே நாலு சவுக்கு மரம் இருந்தது. நிழல் இருந்தது. தண்ணி கேனை இறக்கி வைக்க வசதி.

வேனை விட்டு இறங்கினால் டிரைவர் கண் முதலில் நிழலைத்தான் தேடும். கல்யாண மண்டபத்தில் நுழைந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்கிறோமா, ஃபேனுக்குக் கீழே காலி சேர் பார்க்கிறோமா? அந்த ஜாதிதான் நான்.

கடப்பாக்கம் கோச் செல்வி அக்கா காலையில் மீன் ஏலம் விடுகிறவர். காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்கு வீட்டு விஷயம். இரண்டாவது தடவை எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் வேறு கொண்டுவந்து போட்டார். "நெழலு ஜில்லுனு கீதா பாய்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து, 'எவ்வளவு நல்ல மனசு' என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேனே... ஞாபகம் இருக்கிறதா?

உடனே பயிற்சியை மாற்றினேன். ஆனால் செங்கல்பட்டில் கடல் காற்றுக்கு எங்கே போவது? எங்கள் கிரவுண்டைப் பிடித்த அதே பந்தல்காரரிடம் போய் மண்டபத்து ராட்சச ஃபேன் இரண்டை வாங்கி வந்தேன். வளையத்துக்கு எதிரே வைத்து ஓடவிட்டோம். முதல் நாள் பந்து பறந்ததை விட, பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணிதான் அதிகம் பறந்தது! பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே பாதி களைத்தார்கள். நாலாவது நாள் பாஸ் எல்லாம் தானாகத் தாழ்ந்தது. தூரத்திலிருந்து எறிகிற ஆசையும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை. செல்வி அக்கா அதே சேரோடு நின்றார்.

"வா பாய். எந்தப் பக்கம் ஓணும்?"

"அந்தப் பக்கம்க்கா." கொளுத்துகிற வெயிலைக் காட்டினேன்.

"வெயில்ல கருவாடா ஆயிடுவே பாய். இப்டி வந்து குந்து."

"பரவால்லக்கா. எனுக்கு வெயிலுதான் புடிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். சேரைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது பாதியில் காற்று வந்தது — எங்கள் முதுகுக்கு! ஆனால் முதுகுக் காற்றும் லேசுப்பட்டதில்லை. ரிஹானா எறிந்த இரண்டு பந்து பலகையைத் தாண்டி டீக்கடைக்கே போய்விட்டன. அவர்கள் பிள்ளைகளோ, எதிர்க்காற்றிலும் தாழ்வாக எறிந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பாயிண்ட் பின்னால் நிற்கிறோம். ஒரே ஒரு தடவை பந்து கொண்டுபோக நேரம் இருக்கிறது. டைம் அவுட் கேட்டேன்.

"ரிஹானா, தூரத்துலேர்ந்து அடிச்சிடு!"

"போ அத்தா, மறுபடியும் டீக்கடைக்குத்தான் போவும். நான் உள்ள ஓட்றேன். ரெண்டு பேரு என் மேல வருவாங்கோ. தீபா ரிங்குக்குக் கீழ நிக்கட்டும். தரையில தட்டிக் குடுக்கறேன்."

டீம் முழுக்க என்னைப் பார்க்கிறது. என் பதவி அந்த ஒரு பந்தில் இருக்கிறது. என்ன சொல்வது?

"சரி" என்றேன். என் கோச் வாழ்க்கையில் நான் கொடுத்த நல்ல ஐடியா அது ஒன்றுதான்!

ஓடினாள். இரண்டு பேர் பாய்ந்தார்கள். தட்டினாள். தீபா வாங்கிப் போட்டாள். ஒரே ஒரு பாயிண்ட்டில் ஜெயித்தோம்! நான் குதித்த குதியில் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

செல்வி அக்கா வந்து முதுகில் ஒன்று வைத்தார். "கண்டுபுட்சிட்டியா பாய்? இன்னும் ரெண்டு வருசம் நெழல்லயே குந்தவெக்கலாம்னு பாத்தேன்!"

தீபா வியர்வையோடு வந்து நின்றாள். "திங்கக்கெழம ப்ராக்டிஸ் எத்தினி மணிக்கு... கோச்?"

நீங்கள் எல்லோரும் கடலில் கால் நனைக்க ஓடினீர்கள். அப்போது நான் செய்தது உங்களுக்குத் தெரியாது. வேனுக்குப் பக்கத்தில் ஒருவர் வறுத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். மடித்துக் கொடுக்கப் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றார். என் சட்டைப் பையில் ஒரு பேப்பர் இருந்தது. முந்தின நாள் மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதி வைத்திருந்த ராஜினாமா கடிதம். எடுத்துக் கொடுத்தேன்.

டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்தேன். பொட்டலத்தின் வெளிப்பக்கம் 'தாழ்மையுடன் விலகிக்கொள்கிறேன்' என்ற வரி சுருண்டு தெரிந்தது. கடைசிக் கடலை வரை உதறித் தின்றேன்.