ஒரு பாக்கெட், ஒரு டம்ளர்

எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாத ஆசிட் நெடி... எண்பதுகளின் கடைசியில் என்மேல் அடித்த வாசனை அதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் ஒரு சின்ன கம்பெனியில் கெமிஸ்ட் வேலை. துருவை எடுக்கும் தொட்டியில் ஆசிட் சரியான அளவில் இருக்கிறதா என்று தினமும் பார்த்துச் சொல்ல வேண்டும். குறைந்தால் துரு போகாது. தூக்கலானால் இரும்பையே தின்றுவிடும்.

"இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஊத்திக்கினா வேலை சட்டுனு முடிஞ்சிடும் சார்" என்பார் தொட்டியில் வேலை பார்த்த கோபால். அவரிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன்!

அந்தப் புத்தியெல்லாம் கம்பெனி கேட்டோடு சரி.

அப்போது முத்தாபுதுப்பேட்டையில் குடியிருந்தோம். மகள் ஜெனிக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து ஆஸ்பத்திரியில் உப்பும் சர்க்கரையும் கலந்த பவுடர் பாக்கெட் ஒன்றைக் கொடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

இத்தனூண்டு குழந்தை ஒரு லிட்டரை எங்கே குடிக்கப் போகிறது? முழுப் பாக்கெட்டையும் ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கினேன். காபி தண்ணியாக இருந்தாலே வந்தவர் முகம் சுளிக்கிற ஊர் இது. திக்காகக் கொடுத்தால்தான் மரியாதை, அதுதான் பாசம் என்று மண்டையில் ஏறியிருந்தது. மருந்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"ஒரு லிட்டர்னுதானே சொன்னாங்க?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"எனக்குத் தெரியாததா இன்னா? என் வேலையே அதான்" என்றேன்.

மறுநாள் காலை போக்கு இன்னும் அதிகமானது. நாக்கு வறண்டு போயிற்று. அழுதாள், கண்ணீர் வரவில்லை... தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எவ்ளோ தண்ணில கலந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஒரு டம்ளர்" என்றாள் ஸ்டெல்லா.

"ஐயோ! உப்பு ஜாஸ்தியானா உடம்புல கீற தண்ணியையும் அது குடலுக்கு இஸ்த்துக்குமே! யாரு கலந்தது?"

உப்பில் போட்ட எலுமிச்சை சாறு விடுவதை நான் பார்க்காததா? எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை.

"நாந்தான் சிஸ்டர்... தெரியாம பண்ணிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

நர்ஸ் திட்டினார். டாக்டர் திட்டினார். பிறகு வந்து சேர்ந்த என் அம்மாவும் திட்டினார். எல்லாம் அவளைத்தான். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒண்ணுக்குப் போனால்தான் உடம்பில் தண்ணீர் ஏறியதாக அர்த்தம் என்றார் டாக்டர். சாயங்காலம் ஜெனி என் மடியை நனைத்தாள். "ஒண்ணுக்குப் போயிட்டா!" என்று கத்தினேன். ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள்.

இப்போது எல்லாம் ரெடிமேட். கலந்தே டப்பாவில் வருகிறது, ஸ்ட்ராவைக் குத்திக் குடிக்க வேண்டியதுதான். யாரும் அளக்க வேண்டாம், யாரும் பழி சுமக்கவும் வேண்டாம்.

போன ஞாயிறு ஜெனியின் பையனுக்கு வயிறு சரியில்லை. "அம்மா, நீ மட்டும் எதையும் கலக்காதம்மா!" என்று போனில் கிண்டல் செய்தாள். எங்கள் வீட்டில் இது பழைய ஜோக். எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லாவும் சிரித்தாள்... என் பக்கம் திரும்பாமல்.

ஜெனி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.

அன்றைக்குக் கலந்தது அம்மா இல்லை. நான்தான்.