கார்த்திகை மாதத்து ஐஸ் கட்டி

தேர் ஓடும் தெருவில் வீடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "குடுத்து வச்சவங்க. சாமி உங்க வாசலுக்கே வருது" என்பார்கள். வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாமி வரும் நாளில் நாங்கள் எங்கள் வீட்டுக்கு வர போலீஸிடம் ரேஷன் கார்டைக் காட்ட வேண்டும். முன்பின் தெரியாத ஆட்கள் எங்கள் மாடியில் ஏறித் தேர் பார்த்துவிட்டு, எங்கள் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிவிட்டுப் போவார்கள். கோபுரத்தைப் படம் எடுக்கும் வெள்ளைக்காரர்கள் கொடியில் காயும் என் பாவாடையையும் சேர்த்து எடுப்பார்கள்.

இதெல்லாம் போகட்டும். இந்தத் தெருவில் பிறந்து, இதே தெருவில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள் நான். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள், இன்னும் இங்கேதான் இருந்தாக வேண்டும். எதிர்வீட்டு ஜோதியம்மாளுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஜோதியம்மாள் போளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேடியப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள். நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. முன்னறையில் வாடகை சைக்கிள் கடை. அவர் பஞ்சர் ஒட்டுவார், கடையை நடத்துவது இவள். "பிரேக் கொஞ்சம் கம்மி, மெதுவா போப்பா" என்று அவர் ஒருவனிடம் சொன்னால், "பிரேக் இல்லாத வண்டிய எதுக்குக் குடுக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து இவள் கத்துவாள். பிள்ளை குட்டி கிடையாது. சண்டைக்கு மட்டும் குறைவில்லை. வருடா வருடம் தேர் வடம் பிடித்து இழுத்துவிட்டு, தோலுரிந்த உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். "ஊருல வேற ஆளே இல்லையா, நீங்கதான் இழுக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவி விடுவாள்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ், ஆட்டோ, மொபெட் எல்லாம் வந்தன. வாடகை சைக்கிள் கேட்க ஆள் இல்லை. லாட்ஜ் கட்ட வீட்டைக் கேட்டுப் பலபேர் வந்தார்கள். ஜோதியம்மாள் ஒரே பதில்தான் சொன்னாள்: "அவரு இந்த வீட்டுல பொறந்தாரு. போவறதும் இங்கேருந்துதான்."

தொண்ணூற்றெட்டில் அந்த நேரம் வந்தது. வேடியப்பனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கார்த்திகை தீபத் திருவிழாவுக்குக் கொடியேறிய சமயம் அது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பிணம் கிடக்கும் தெருவில் சாமி வராது, எடுத்த பிறகுதான் தேர் நகரும். அதை நாங்கள் யாரும் மீறியதில்லை. சாவு விழுந்தால் சீக்கிரம் எடு என்பதுதான் வழக்கம். சாவு விழுமுன்னே ஆளை எடு என்று எந்த வழக்கத்திலும் கிடையாது. கோயிலிலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. அது முழுக்க முழுக்க ராமதாஸின் சொந்தப் புத்தி.

ராமதாஸ் என் பக்கத்து மாடிவீட்டு ஜவுளிக்கடைக்காரர், தெரு விழாக் கமிட்டித் தலைவர். தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது நாலு பேரோடு வந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா ஜோதி. டவுனுக்கு வெளிய, வேங்கிக்கால்ல நம்ம புது வீடு காலியா கெடக்குது. இவர அங்க கொண்டு போயி வச்சுக்க. தேரு முடிஞ்ச மறுநாளே கூட்டிட்டு வந்துடலாம்."

"உயிரோட கீற மனுசனுக்கு நாள் குறிக்க நீங்க யாருண்ணா?" என்றாள் ஜோதியம்மாள். "உங்கம்மாவும்தான் ஒரு வருசமா படுத்த படுக்கையா கெடக்கறாங்க. அவங்கள எங்க கொண்டு போறீங்க?"

"அம்மாவுக்கு இன்னா? கஞ்சி குடிக்கறாங்க. டாக்டரே வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போறாரு."

கஞ்சி குடித்தால் தெருவில் இருக்கலாம், குடிக்காவிட்டால் வேங்கிக்கால்! அதன் பிறகு தெரு ஜனம் ஒவ்வொருவராக வந்து, லட்சம் பேர் கூடும் தேர், ஊர் பொல்லாப்பு உனக்கெதற்கு என்று ஓதிவிட்டுப் போனார்கள். அவள் அசையவில்லை. கேட்டுக்கொண்டே படுத்திருந்த வேடியப்பன்தான் கடைசியில் வாய் திறந்தார்.

"போயிடலாம் ஜோதி. நான் இழுத்த தேரு. என்னால நிக்க வேணாம்."

அவள் எழுந்துபோய் அவருடைய வேட்டியையும் போர்வையையும் மூட்டை கட்டினாள். தேருக்கு முந்தின நாள் ரியாசுதீன் ஆட்டோ கொண்டு வந்தான். வேடியப்பனிடம் சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றவன். அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, "ரொம்ப ஜாஸ்தியா பண்றாங்க சரோஜாக்கா" என்று என்னிடம் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் தேர். காலையில் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். ராமதாஸ் வீட்டிலிருந்து ஒரு அழுகுரல் கிளம்பி, யாரோ வாயைப் பொத்தியதுபோல் பாதியில் நின்றது. உடனே ரேடியோவில் பக்திப் பாட்டை அலறவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு ஆட்கள் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டிகளைப் பக்கத்துச் சந்து வழியாக உள்ளே தூக்கிப் போனார்கள். நல்ல மழைக்குளிர். கார்த்திகை மாதத்தில் ஐஸ் எதற்கு?

"வர ஜனத்துக்கு ஜூஸ் குடுக்கறோம்மா" என்றார் ராமதாஸ்.

ஒரு டம்ளர் ஜூஸ்கூட வெளியே வரவில்லை. ஐந்து தேரும் எங்கள் தெருவைக் கடந்தன. ஒவ்வொரு தேருக்கும் அந்த மனிதர் வாசலில் நின்று கற்பூரம் காட்டினார். கடைசித் தேர் தெருமுனை திரும்பியதும் அந்த வீட்டில் சங்கு ஊதினார்கள். தாயார் தங்கம்மாள் "இப்பத்தான்" போனார்களாம். தேர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிய புண்ணியவதி என்று தெருவே வாய் வலிக்கப் பேசியது.

அந்தத் தேர் நாள் முழுக்க வேடியப்பன் உயிரோடு இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேங்கிக்காலில், பூச்சு வேலைகூட முடியாத ஓர் அறையில் படுத்துக்கொண்டு, "தேரு நிலைக்கு வந்துச்சா? வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "விடிஞ்சதும் போலாம்" என்றிருக்கிறாள் ஜோதியம்மாள். விடியும் நேரத்தில் போய்விட்டார். அழைத்துவரப் போன ரியாசுதீன் உடலைத்தான் கொண்டு வந்தான்.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தபோது ராமதாஸ் வீட்டு வாசலில் ஷாமியானா, பூப்பல்லக்கு, மேளம். ராமதாஸ் ஓடிவந்து கையை நீட்டி மறித்தார்.

"வெளிய போன உயிரும்மா. வீட்டுக்குள்ள கொண்டு போவக் கூடாது. அப்படியே நேரா எடுத்துட்டுப் போயிடு. இன்னும் சாமி பொறப்பாடெல்லாம் இருக்குது."

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு தெருவுக்கு ஓடிவந்து கத்தினேன். "நேத்து காலையில ஐஸ் எதுக்கு வாங்கனீங்க?"

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜோதியம்மாள் என்னைப் பார்த்தாள், பல்லக்கைப் பார்த்தாள். பிறகு ஆட்டோவிலிருந்து இறங்கி ராமதாஸின் எதிரே வந்து நின்றாள்.

"எப்ப போனாங்க உங்கம்மா?"

"தேரு நின்னுடக் கூடாதுன்னுதாம்மா…"

"உங்கம்மா உள்ள பொணமா கெடந்தாங்க. தேரு நின்னுச்சா?"

மறித்து நீட்டியிருந்த கையை அவர் கீழே இறக்கினார்.

"சொல்லுங்கண்ணா. நின்னுச்சா?"

அதற்குப் பிறகு யாரும் மறிக்கவில்லை. ஜோதியம்மாள் பூட்டைத் திறந்தாள். சைக்கிள் நின்ற முன்னறையில் அவரைக் கிடத்தினோம். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தடவி விட்டாள். அன்றைக்குத் திட்டவில்லை.

அதன்பின் அவள் ராமதாஸ் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நானும்தான். இரண்டாயிரத்து ஐந்தில் ராமதாஸ் விழுந்தார். பக்கவாதம், பேச்சும் போய்விட்டது. அதே கார்த்திகை, அதே தேர். இப்போது கமிட்டி அவருடைய பிள்ளைகள் கையில். அப்பாவை வேங்கிக்கால் வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வாசலில் வேன் வந்து நின்றது. அனுபவிக்கட்டும் என்று ஜன்னலில் நின்றபடி சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்?

ஜோதியம்மாள் தன் பழைய சைக்கிள் கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசற்படியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "உனக்குப் பைத்தியமாக்கா? அந்த ஆளுக்கா காவல்?" என்று நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். என் கையை உதறிவிட்டாள். உள்ளே கட்டிலில் கிடந்த ராமதாஸ் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பிள்ளை வந்து, "நகருங்கம்மா, தேரு நின்னுடப் போவுது" என்றான்.

"நின்னா நிக்கட்டும்டா. எங்க ஊட்டுக்காரருக்குப் பண்ணத இன்னொருத்தருக்குப் பண்ண விடமாட்டேன், உங்கப்பாவுக்குக்கூட. அவரு இங்கதான் இருப்பாரு. போயிட்டாருன்னா வாய் திறந்து ஊருக்குச் சொல்லுங்க. ஐஸ் வாங்கப் போவாதீங்க."