ஆறு ஜாடிக் கடல்

மலைநாட்டில் டயகம பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இயந்திரம் பழுதுபார்க்கும் லியனார்ட், 1958இல் ஏதோ உதிரிச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போனவன், ரயிலைத் தவறவிட்டு மறுநாள்தான் திரும்பினான். குடித்துவிட்டு எங்கேயாவது கிடந்திருப்பான் என்று நினைத்தேன். ஒரு கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன் நீந்துவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டானாம்.

“உசுரோட இருந்திச்சு. மஞ்சக் கோடு போட்டு. திரும்பி என்னையப் பார்த்திச்சு” என்றான். கோயிலுக்குள் பேசுகிறவன் மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னான். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடல்மீன் என்றால் கருவாடுதான். அதற்குக் கண் உண்டென்பதையே மறந்துபோனவர்கள் நாங்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு அதே பைத்தியம். துரை பங்களாவில் கழித்துப்போட்ட ஜன்னல் கண்ணாடிகளைப் பலகைச் சட்டத்தில் பொருத்தி, ஒழுகாமல் கீல் பூசி, தொட்டி செய்தான். மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீர் பிடித்து, கறியுப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, கருவாட்டு ருசி வரும்வரை உப்பைக் கூட்டினான். நான் சிரித்த சிரிப்பில் லயமே வெளியே வந்துவிட்டது.

லொறி டிரைவர் சோலைமலை அந்தக் கொழும்பு மீன்கடையில் விசாரித்து வந்தார். கறியுப்பு ஆகாது, கடல் தண்ணீரேதான் வேண்டும். செம்போ பித்தளையோ படக்கூடாது. தொட்டி நிரம்பி, தண்ணீர் ஒரு வாரம் தெளிய வேண்டும். அந்த மஞ்சக் கோட்டு மீனில் ஒரு ஜோடி தருவேன், ஆனால் ஆகஸ்ட் தாண்டி வைத்திருக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

தேயிலை ஏற்றிப் போகும் லொறி, திரும்பும்போது ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் கடலை ஏற்றி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஜாடி. மூன்று மாதத்தில் ஆறு. ஆறாவதும் ஊற்றியானதும் கேலி பண்ணலாம் என்றுதான் போனேன். வெறும் தண்ணீர், அடியில் மணல். ஆனால் அதன் முன்னால் நின்றபோது கேலியை மறந்து குனிந்து மோந்து பார்த்தேன். இந்த உயரத்தில், இந்தக் குளிரில், கடல்.

நாலாம் நாள் ஆடி அமாவாசை. விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுத் தப்பு அடிப்பதற்கு முன்பே, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மாயாண்டி அண்ணன் எள்ளும் பித்தளைச் செம்புமாக லியனார்ட் வாசலில் நின்றார்.

“தம்பி, கடல் வந்திருக்குன்னாங்க. எங்க அய்யா அக்கரையில செத்து பத்து வருசமாச்சு. போக முடியல. ஒரு செம்பு குடுங்க.”

“பித்தளை பட்டா மீன் தங்காதுண்ணே.”

அவர் செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு தயங்கிக் கேட்டார்: “இது எந்தப் பக்கத்துக் கடலு, தம்பி? அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“கடலுக்கு ஏதுண்ணே பக்கம். எல்லாம் ஒண்ணுதான்.”

“அப்படின்னா எங்க அய்யா நின்ன தண்ணி. தனுஷ்கோடியில நான் கப்பலேறையில முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டிருந்தாரு.”

மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன் லியனார்டுக்கு அமாவாசைத் தர்ப்பணம் தெரியாது. தொட்டியைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு சிரட்டையைக் கழுவி எடுத்து வந்தான்.

அவர் தலையில் தெளித்துக்கொண்டு எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கும்பிட்டு நிமிரும்போது, பின்னால் கொழுந்து பறிக்கும் நாகலெட்சுமி நின்றாள். அவளுக்குப் பின்னால் தோட்டத்து மேல் டிவிசன் ஆட்கள். தப்பு அடித்தது, யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. லியனார்ட் ஆளுக்கொரு சிரட்டை ஊற்றிக்கொண்டே இருந்தான். கடைசியில் நானும் கையேந்தினேன். என் அம்மா செத்ததும் அக்கரையில்தான். அந்தத் தண்ணீர் உச்சியிலிருந்து வழிந்து உதட்டில் கரித்தது.

தொட்டியில் ஈர மணல் மட்டும் மிஞ்சியது. மறுபடி ஆறு ஜாடி சேர மூன்று மாதம் வேண்டும். மீன் காத்திருக்காது.

சாயங்காலம் சோலைமலை வந்து, கடைக்காரரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டார். லியனார்ட் சட்டையை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“மீன் வேணாம்னு சொல்லிருங்கண்ணே. தண்ணி மட்டும் கொண்டாங்க. அடுத்த ஆடிக்கு ஆறு ஜாடி பத்தாது.”