கூரையோடு குடிவந்தவள்

குடியிருக்கக் கொட்டில் போட ஒரு துண்டு நிலம் கேட்டு யாருடைய வேலிப் படலையிலாவது நீங்கள் நின்றிருந்தால், என் வேலையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் போர் ஆண்டுகளில் வன்னியில் அப்படி நிற்காதவர் யார்? நான் அதைத் தொழிலாகவே செய்தேன். கணவனின் அடி தாங்காமல் வெளியேறிய பெண்களுக்கு மல்லாவிப் பக்கம் பாதுகாப்பான இடம் தேடிக்கொடுக்கும் சிறிய அமைப்பொன்றில் வேலை. பட்டப்படிப்பு முடித்திருந்தேன், அந்நியர் படலையில் நின்றால் மட்டும் பேச்சு வராது.

எல்லோரும் கேட்கும் கேள்வி

லெட்சுமி முரசுமோட்டையிலிருந்து இடம்பெயர்ந்தவள். அவளுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். கணவன் கையை முறித்த பிறகு, என்னோடு வேலை செய்த திரேசா அக்காவின் குசினியில் படுத்திருந்தாள். அவளுக்கு இடம் கேட்டு, அந்த ஊரில் காணி வைத்திருந்த பரமேஸ் மாமியிடம் போனோம். மாமி தேத்தண்ணீர் தந்தார், காணி மூலையைக் காட்டினார், கிணற்றில் அள்ளலாம் என்றார். பிறகு கேட்டார்: "வீட்டில ஆம்பிளை ஆர்? ஆம்பிளை இல்லாட்டி ஆர் காவல், பிள்ளை?"

நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன். லெட்சுமி கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "ஆம்பள இருந்த வீட்டுலதாங்க இது நடந்திச்சு."

பின்னால் வராத வீடு

மாமி மூலையைத் தந்தார். கூரைக்கு எங்கே போவது? பொருளாதாரத் தடையால் தகரம் வன்னிக்குள் வராத காலம். லெட்சுமியின் தகப்பன் மிளகாய்த் தோட்டக் கூலியில் வாங்கிய தகரங்களோ கணவன் இருந்த கொட்டிலின் மேல் இருந்தன. கிராம அலுவலரான விதானையாரிடம் போனோம். அவர் கணவனைக் கூப்பிட்டு "தகரம் ஆர் வாங்கினது?" என்று கேட்க, "அவளின்ர தகப்பன்" என்று அவன் ஒப்புக்கொண்டான். "அப்ப அவ கழட்டலாம்" என்றார் விதானையார். அவன் சிரித்தான். ஒற்றைக் கையோடு ஒருத்தி கூரை கழற்றுவாளா? "போறதெண்டாப் போ. வீடு உனக்குப் பின்னால வராது" என்றான்.

அந்த ஒழுங்கையில் பக்கத்து வீடுகளில் இருந்த பெண்களை அவன் மறந்துவிட்டான். ஒவ்வொரு இடப்பெயர்விலும் கூரை கழற்றிச் சுமந்தவர்கள் அவர்கள். மறுநாள் அவன் வயலுக்குப் போனதும் வந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆணிகளை நிமிர்த்திப் பேணியில் போட்டார்கள். பழைய துளைகள் பொருந்தும்படி தகரங்களில் கரியால் அடையாளம் வைத்தார்கள். மத்தியானம் அவன் திரும்பியபோது வெறும் மரச்சட்டமும் வானமும்தான் மிச்சம். தகரங்களை ஏற்றிய உழவு இயந்திரம் போய்விட்டது. திரேசா அக்கா மட்டும் சுத்தியலோடு நின்றார். "வீடு பின்னால வராது எண்டீர் தம்பி. அதுதான் முன்னால அனுப்பிவிட்டம்."

படலையில்

அடுத்த கிழமை அவன் மாமியின் படலைக்கு வந்தான். லெட்சுமி அகப்பையோடு எழுந்து நின்றாள். நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறந்தேன், சத்தம் வர முதல் மாமி மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"ஆர் நீர்?"

"இந்த வீட்டு ஆம்பிளை."

மாமி அவனை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வேலைக்கு ஆள் இருக்குது தம்பி. நான்தான்."

மழை

அவன் பிறகு வரவில்லை. முதல் மழைக்கு அடுத்த நாள் காலை, தகரம் ஒழுகியிருக்குமோ என்று ஓடினேன். லெட்சுமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். "ஒழுகல்லீங்க மிஸ். சத்தம் கேட்டு முழிச்சேன். மழதான்னு தெரிஞ்சதும் திரும்பிப் படுத்துட்டேன்."

வீடு தேடித்தரும் பிள்ளை என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. எந்தப் படலையிலும் நான் ஒரு வசனம் முழுதாய்ப் பேசியதில்லை என்பது உங்களோடு இருக்கட்டும்.